பெரட்டுக்கு வராத மகளுக்கு

மகளே,

நம் வீட்டுப் பெட்டி வழியாக நீ கடைசியாக நாடகம் பார்க்க வந்தது மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. நம்முடைய நேரம் எட்டு மணிக்கு வந்தாய். எட்டு மணி பதினோரு நிமிடத்துக்குப் போனாய். நீயும் இதை எனக்குச் சொல்லவில்லை, உன் அம்மாவும் சொல்லவில்லை. பின்னே எனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம். நலம் விசாரித்து, மழை வெயில் சொல்லி, சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நேராகச் சொல்கிறேன்: தப்பு என்னுடையது. போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. “சரிப்பா”, “வேலைப்பா” என்று ஒரே சொல்லில் மெசேஜ் வருகிறது. அதனால் தலவாக்கலைக் கடையில் உட்கார்ந்து, பழுது பார்க்க வந்த கண்காணிப்புக் கெமராக்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான், இன்றிரவே உன் போனுக்கு அனுப்புவேன். வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கிற வேறு தகப்பன்மார் வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. வாசித்தால் நல்லது.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. மகளுக்குக் கடிதம் எழுதிப் புத்தி சொல்லும் அளவுக்கு நரைக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் உன்னைப் பெற்றவன் நான். உன் கூட்டாளிகள் என்னை உன் அண்ணன் என்று நினைத்ததை நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். பொறுமை எனக்குக் கிடையாது. வயரைப் பார்த்தால் எங்கே அறுந்திருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் சொல்வேன். மனுஷனைப் பார்த்தால் அந்த ஒரு நிமிடம் போதாது என்பதை இன்னும் சரியாகப் படிக்கவில்லை. அதனால் இதில் வரும் புத்திமதி எல்லாம் என் தப்பிலிருந்து எடுத்தது. வேறு இடத்திலிருந்து எடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நீ நர்சிங் படிக்க இங்கிலாந்து போன முதல் வாரம் உனக்கு ஞாபகம் இருக்கும். குளிர் பற்றிச் சொல்லவில்லை, சாப்பாடு பற்றிச் சொல்லவில்லை. முதல் முறைப்பாடே நாடகம்தான். இத்தனை வருஷமாக நீயும் அம்மாவும் பள்ளிக்கூடப் பாடம் போல ஒரு நாள் தவறாமல் பார்த்த அந்தச் சிங்கள நாடகம். “அப்பா, ஓட மாட்டேங்குது. ‘இந்த நிகழ்ச்சியை உங்க நாட்டுல பாக்க முடியாது’ன்னு போடுது. எங்க நாட்டுதுதானே அது?” என்று கேட்டாய். “நீ யாருன்னு அது பாக்கல புள்ள. எங்கேயிருந்து வர்றன்னுதான் பாக்குது” என்றேன். மறுநாளே சந்தோஷமாகப் போன் எடுத்தாய். “சும்மா கெடைக்கிற வீ.பி.என். ஒன்னு போட்டுட்டேன்பா. இலங்கையில இருக்குறேன்னு அத நம்ப வச்சாச்சு.” நான் கத்தினேன். “ஒடனே அழி அத!” “ஏம்பா? நல்லாத்தானே ஓடுது?” “நீ எவன் வீட்டு வழியாப் போறியோ அவன் ஒன்னப் பாப்பான். சும்மா வழி விடுறவன் எதுக்கு விடுறான்னு யோசிக்க மாட்டியா?”

அந்தச் சொல் இன்றும் சரிதான். வீ.பி.என். போட்டால் மறைந்துவிட்டோம் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். யாரும் மறைவதில்லை. யார் உன்னைப் பார்க்கலாம் என்பதை மாற்றுகிறாய், அவ்வளவுதான். முன்பு உன் ஹொஸ்டல் இணையத்தை நடத்துகிறவன் பார்த்தான், இப்போது அந்த வழியை வைத்திருக்கிறவன் பார்க்கிறான். அதனால்தான் உள்ளங்கை அளவு கணினி ஒன்றை வாங்கி, நம் வீட்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து, உனக்கென்று நானே ஒரு வழி போட்டுக் கொடுத்தேன். உன் மடிக்கணினியிலிருந்து கிளம்புகிற எல்லாம் கடல் தாண்டி நம் வீட்டுக்கு வந்து, நம் வீட்டு வாசலிலிருந்து வெளியே போகும். நாடகம் காட்டுகிறவனுக்கு நீ தலவாக்கலையில் சோபாவில் உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். சந்தா நம் பெயரில் இருக்கிறது, பார்க்கிறது நம் வீட்டுப் பிள்ளை. அவர்களுடைய விதிப் புத்தகத்துக்கு இது பிடிக்காமல் இருக்கலாம். ஒரு நாள் அடைத்தால் அடைக்கட்டும், நாம் போய்ச் சண்டை போட முடியாது. என் வேலையில் எனக்குச் சந்தேகம் வருவதில்லை. இதிலும் வரவில்லை. ஒரு நாள் கூட அது நின்றதில்லை, கரண்ட் போன நாளிலும் பற்றரியில் ஓடியது. சரஸ்வதி பூசைக்கு உன் அம்மா அந்தப் பெட்டிக்கும் சந்தனப் பொட்டு வைத்தாள்.

வகுப்பு இருக்கிற நாளில் நீ திரும்பி வந்து நாடகத்தைப் போடும்போது இங்கே எல்லோரும் படுத்திருப்போம். புதன்கிழமை மட்டும் உனக்கு வகுப்பு இல்லை. அன்று நீ நேரடியாகப் பார்ப்பாய். இங்கே எட்டு, அங்கே பகல் இரண்டரை. அம்மா போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்துக்கொண்டு உன்னோடு பேசியபடியே டிவியைப் பார்ப்பாள். நான் புதன்கிழமைகளில் கடையை ஏன் சீக்கிரம் அடைத்தேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் கூத்தைக் கேட்கத்தான். டிவிக்கு வானத்திலிருந்து நேரே வருகிறது. உனக்கு இங்கே வந்து, திரும்பக் கடல் கடந்து போக வேண்டும். அரை நிமிடம் பிந்தித்தான் உன் கைக்குப் படம் வரும். இதை நான் எத்தனை தடவை சொல்லியும் அம்மாவுக்கு வாய் நிற்காது.

“அய்யய்யோ, மாமியாக்காரி கதவத் தொறந்துட்டா!”

“அம்மா! சொல்லாதீங்கம்மா! எனக்கு இன்னும் தொறக்கல!”

“சரி சரி, வாய மூடிக்கிட்டேன். தொறந்துருச்சா? இப்ப தொறந்துருச்சா?”

பிறகு உனக்கும் கதவு திறக்கும். நீ சிரிப்பாய். உன்னோடு சேர்ந்து அம்மா மறுபடியும் முதல் தடவை பார்க்கிறவள் போலவே சிரிப்பாள். “ஒரே கதைக்கு ரெண்டு தடவ சிரிக்கிற பொம்பளைய நான் இங்கதான் பாக்குறேன்” என்று நான் சொன்னால், “ஒன்னு எனக்கு, ஒன்னு எம் புள்ளைக்கு. ஒங்களுக்கு என்ன நட்டம்?” என்பாள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். அந்தப் பெட்டி ஒரு பதிவு வைத்திருந்தது. எந்த நேரத்துக்கு வந்தாய், எவ்வளவு நேரம் இருந்தாய், எந்தப் பக்கம் போனாய். நான்தான் அதைத் திறந்து வைத்தேன். பழுது வந்தால் பார்ப்பதற்கு என்று வைத்தேன். அது உண்மை. ஒரு நாள் கரண்ட் வெட்டுக்குப் பிறகு எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று கடையிலிருந்தே போனில் திறந்து பார்த்தேன். நீ வந்து போனதைக் காட்டும் உன் வரி அதில் இருந்தது. பிள்ளை வந்திருக்கிறாள், பார்க்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று ஒரு நிம்மதி. மறுநாள் பழுது இல்லை, ஆனாலும் திறந்தேன். அதற்கு மறுநாளும். காலையில் தேநீர் குடிக்கும்போது நீ முந்தின இரவு வந்தாயா என்று பார்ப்பது எனக்குப் பேப்பர் வாசிப்பது போல ஆகிவிட்டது. இதை அக்கறை என்று எனக்கு நானே பெயர் வைத்தேன். உனக்குச் சொல்லியிருந்தால் அது அக்கறையாக இருந்திருக்கலாம். நான் சொல்லவில்லை. சொல்லாமல் பார்த்ததற்கு வேறு பெயர் இருக்கிறது என்று கெமரா மாட்டிப் பிழைக்கிறவனுக்குத் தெரியாதா?

அப்புறம் ஒரு வியாழக்கிழமை எட்டு மணிக்கு உன் வரி வந்தது. வெள்ளிக்கிழமையும் எட்டு மணி. திங்கள், செவ்வாய், அடுத்த வாரமும் அப்படியே. அங்கே பகல் இரண்டரை, நீ வகுப்பில் இருக்க வேண்டிய நேரம். ஒன்பது நாள் எண்ணினேன். எண்ணிக்கொண்டே ஒரு கதையையும் கட்டினேன்: பிள்ளை படிப்பை விட்டுவிட்டாள், அறையில் படுத்துக்கொண்டு நாடகம் பார்க்கிறாள், நம்மை ஏமாற்றுகிறாள். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவிடமும் கேட்கவில்லை. ஆதாரம் கையில் இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும் என்பதுதான் என் புத்தி. ஒன்பதாவது நாள் மழையோடு கடையை அடைத்துவிட்டு, நனைந்த ரெயின்கோட்டைக் கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தேன். சீனி டின்னில் போன் சாய்ந்திருந்தது. அம்மா என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். நான் போனைப் பார்த்துத்தான் பேசினேன்.

“இந்த நேரத்துல ஒனக்கு என்ன நாடகம்?”

“அப்பாவா? வந்துட்டீங்களா?”

“அங்க மணி ரெண்டே முக்காலாகப் போகுது. வகுப்புல இருக்க வேண்டியவ.”

“யாருப்பா சொன்னா?”

“யாரும் சொல்லத் தேவல்ல. ஒம்பது நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டரைக்கு வர்ற, மூணுக்குப் போற. மட்டம் போட்டுக்கிட்டு நாடகம் பாக்கவா ஒன்ன அனுப்புனேன்?”

நீ நாடகத்தின் சத்தத்தை நிறுத்தினாய். பிறகு கேட்டாய்: “நீங்க பாக்குறீங்களாப்பா?”

“ஆமா, பாக்குறேன். என் வீட்டுப் பெட்டி. பாக்காம?”

“சரிப்பா” என்றாய். போன் நின்றது. மணி எட்டு பதினொன்று. அதுதான் உன் கடைசி வரி.

உன் அம்மா டிவியை நிறுத்தினாள். ரெயின்கோட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, சத்தம் போடாமல் சொன்னாள்: “அவ காலு ஒடஞ்சு கெடக்கா. பஸ் ஹோல்ட்டுல ஐஸ்ல வழுக்கி விழுந்து ரெண்டு வாரமாகப் போகுது. முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு.” நான் என்ன கேட்டேன் தெரியுமா? “எந்தக் காலு?” என்று கேட்டேன். “எந்தக் காலா இருந்தா ஒங்களுக்கு என்ன? ஒங்க பெட்டி சொல்லலியா?” என்றாள். அவள் விடவில்லை. “கொலேஜ்ல சொல்லி லீவு எடுத்துட்டா. டொக்டர் கடிதம் குடுத்துருக்காரு. ரூம்ல தனியாக் கெடக்குறவ கூட அந்த அரை மணி நேரம் நான் ஒக்காந்திருந்தேன். அவ்வளவுதான் நடந்துச்சு. ஏங்க, பெத்த புள்ளைக்கே பெரட்டு எடுக்குறீங்களா?”

பெரட்டு என்ற அந்தச் சொல்லை அவள் சும்மா எடுத்துப் போடவில்லை. உனக்கு இந்தக் கதை பாதிதான் தெரியும். நாம் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டுத் தலவாக்கலைக்கு வந்தது என் முன்னேற்றத்தால் என்று ஊரில் பேச்சு. அது இல்லை. அப்போது நான் தோட்டத்துப் பெக்டரியில் எலக்ட்ரீஷியன். உன் அம்மா கொழுந்து பறித்தாள். மலைக்குப் போகுமுன் காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார், ஆள் பிரிப்பார். பிந்தினால் அன்று வேலை இல்லை. உனக்கு எட்டு மாதம். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் உன்னை விட்டுவிட்டுத் திரும்பும்போது நீ வாந்தி எடுத்தாய். துணி மாற்றி, உன்னைச் சமாதானப்படுத்திவிட்டு அம்மா ஓடி வந்தபோது பெயர் கூப்பிட்டு முடிந்திருந்தது. களத்து விளக்கில் பல்ப் மாற்ற ஏணியில் நின்ற நான் மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நேரம் போச்சு. வீட்டுக்குப் போ.”

“புள்ள வாந்திங்க ஐயா, அதான்…”

“அதெல்லாம் எதுக்கு எங்கிட்ட? வந்தியா, வரலியா? இந்தப் புஸ்தகத்துல அதுக்கு மட்டுந்தான் எடம்.”

நான் ஏணியிலிருந்து இறங்கி வந்து அந்தப் புத்தகத்தைப் பிடுங்கித் தண்ணீர் ஓடும் கானுக்குள் எறிந்தேன். மன்னிப்புக் கேள் என்றார்கள். கேட்கவில்லை. வேலை போனது, தோட்டம் தந்த லயத்துக் காம்பராவும் போனது. ஆளை எண்ணுகிறவன் காரணத்தைக் கேட்க வேண்டாமா என்று அன்று ஊர் கேட்கக் கத்தினேன். அதைச் சொல்லிச் சொல்லியே இருபது வருஷம் பெருமைப்பட்டேன். அந்தக் காலையில் கொழுந்துக் கூடையோடு திருப்பி அனுப்பப்பட்டவள்தான் என் முன்னால் டிவியை நிறுத்திவிட்டு நின்று கேட்டாள். என் பதிவில் என்ன இருந்தது? வந்தாள், போனாள். காரணத்துக்கு அதில் இடமே இல்லை. கணக்கப்பிள்ளையாவது நேரே நின்று பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். கூப்பிடுகிறது அம்மாவுக்குத் தெரியும். நான் உனக்குத் தெரியாமல் கூப்பிட்டேன்.

ஏன் உங்கள் இரண்டு பேருக்கும் என்னிடம் சொல்ல வரவில்லை என்று அன்று கோபப்பட்டேன். இரண்டு நாள் கோபப்பட்டேன். மூன்றாம் நாள் டிக்கோயா ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. உனக்குப் பதின்மூன்று வயது, பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடி விழுந்து கை வீங்கிப் போயிருந்தது. உன்னைத் தூக்குமுன் “பாத்து ஓடத் தெரியாதா?” என்று திட்டினேன். ஆஸ்பத்திரியில் நமக்கு முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, வரிசை என்றால் வரிசைதான். எனக்குத்தான் நிற்க முடியவில்லை. அங்கே இருந்த நர்ஸ் மிஸ்ஸிடம் சத்தம் போட்டேன், துண்டுச் சீட்டுக் கொடுக்கிறவரிடம் சத்தம் போட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, “அப்பா, இப்ப வலிக்கல. வீட்டுக்குப் போவோம்பா” என்றாய். நான் நம்பினேன். பாரு, ஒன்றுமில்லை என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தேன். மறுநாள் அம்மா திரும்ப அழைத்துப் போய் எக்ஸ்ரே படம் எடுத்தபோது எலும்பில் கீறல். நீ என்னிடம் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். அதை உன்னிடமிருந்து நான்தான் கறந்தேன். சத்தம் போடுகிற தகப்பனுக்கு வீட்டில் யாரும் செய்தி கொண்டுவர மாட்டார்கள். செய்தி வராததால் அவன் பதிவைத் திறந்து பார்ப்பான். பார்த்துவிட்டு இன்னும் சத்தம் போடுவான். பழுது எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது. நல்ல டெக்னீஷியன்!

இனி ஒரு விஷயம். இதை நான் தப்பு செய்தவன் என்பதற்காகச் சொல்லக் கூடாது என்று இல்லை, அதனாலேயே சொல்ல வேண்டும். நாளைக்கு உனக்கு ஒருத்தன் அமைவான். நீ தேடுவாயோ, நாங்கள் தேடுவோமோ, அது பிறகு. அவன் ஒரு நாள் அன்பாக, “நீ எங்க இருக்குறன்னு என் போன்ல தெரியுற மாதிரிப் போடு, எனக்குப் பயமா இருக்கு” என்பான். அல்லது உன் போன் லொக் எண்ணைக் கேட்பான். அப்போது எங்க அப்பாவே பார்த்தார்தானே, ஆம்பிளைகள் அப்படித்தான் என்று நீ நினைத்துவிடக் கூடாது. எங்க அப்பா பார்த்தார், அது தப்பு என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சொல். இந்தக் கடிதத்தைக் காட்டு. நீயாக விரும்பிச் சொன்னால் அது வேறு. கேட்டு வாங்குகிறவனுக்கும், கேட்காமலே எடுக்கிறவனுக்கும் இருப்பது உன்னைத் தெரிந்துகொள்கிற ஆசை அல்ல. கேள்வி கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிற பொறுமைதான் இல்லை. என்னிடம் அது எவ்வளவு குறைவு என்பது உனக்கே தெரியும். அந்தக் குறையை ஒரு மாப்பிள்ளையிடமும் நீ சகிக்கத் தேவையில்லை.

போன வாரம் இறம்பொடைப் பக்கத்திலிருந்து ஒருத்தர் கடைக்கு வந்தார். மகன் கட்டாரில். உனக்குப் போட்ட மாதிரியே அவனுக்கும் ஒரு வழி வேண்டும் என்றார். “அண்ணே, அங்க சட்டம் வேற. கம்பனிக்காரனும் வேற. கண்டதையும் போட்டுட்டு மாட்டிக்கக் கூடாது. மொதல்ல அவன அங்க விசாரிச்சுட்டுச் சொல்லச் சொல்லுங்க” என்றேன். இதை நீயும் கேட்டுக்கொள், நாளைக்கு நீ எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் அங்கே இது செல்லுமா என்று பார்த்துவிட்டுப் போடு. அவர் தலையாட்டிவிட்டுப் போகாமல் நின்றார். “அது சரி தம்பி, அவன் எத்தன மணிக்கு வர்றான், என்னத்தப் பாக்குறான்னு நம்ம பக்கம் தெரியுமா?” ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் விளக்கமாகக் காட்டியிருப்பேன். தெரியாது என்று பொய் சொல்லித் தப்பவும் மனம் வரவில்லை. “தெரியும்ணே. தெரியாத மாதிரிதான் போட்டுக் குடுப்பேன்” என்றேன். “அப்பனுக்குக் கூடவா?” என்றார். “அப்பனுக்குத்தான் மொதல்ல” என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு கடைக்குப் போகட்டும்.

நம் பெட்டிக்கு வருகிறேன். பழைய பதிவு எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இனிப் பதியாதபடி மாற்றிவிட்டேன். அது மட்டும் போதாது, நான் மாற்றியதை நானே திருப்பி மாற்றலாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைக் கணினிக்கு முன்னால் உட்கார வைத்து, புதுக் கடவுச்சொல் கேட்கிற இடத்துக்குக் கொண்டுபோய் விட்டேன்.

“இதுல என்னத்த அடிக்கிறது?”

“ஒனக்கு மட்டும் தெரிஞ்ச ஏதாவது. பன்னெண்டு எழுத்துக்குக் கொறையாம.”

“அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

சுவரைப் பார்த்து நின்றேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். இடையில் ஒரு தடவை தனக்குள்ளே சிரித்தாள். “எங்கேயும் எழுதி வைக்காத. மறந்தா பெட்டி செத்துச்சு” என்றேன். “மறக்க மாட்டேன். நீங்க செவரப் பாருங்க” என்றாள். இப்போது அந்தப் பெட்டிக்குள் போகக்கூடிய ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான். பழுது வந்தால் நான் வயரைக் கழற்றிக் குத்தலாம், அதற்கு மேல் எனக்கு உரிமை இல்லை. உன்னிடம் பொய் சொல்லக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன்: உள்ளே இருக்கிற சின்னக் கார்டைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் நான் உள்ளே போய்விடுவேன். கழற்ற மாட்டேன். இதற்குத் தொழில்நுட்பத்தில் உத்தரவாதம் எதுவும் கிடையாது. என் வாக்கு மட்டும்தான் இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் அம்மாவிடம் கடவுச்சொல்லை வாங்கி நீயே உள்ளே போய்ப் பார். எங்கே பார்க்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

நீ வழியை அறுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பார்க்கிறான் என்று தெரிந்ததும் போய்விட்டாய், நான் சொல்லிக் கொடுத்த பாடத்தைத்தான் செய்தாய். சரியாகச் செய்தாய். ஆனால் அதில் அடிபட்டது நான் இல்லை. அன்றிலிருந்து அம்மா நாடகம் பார்ப்பதில்லை. எட்டு மணிக்கு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து உளுந்து புடைக்கிறாள். டிவி அணைந்து கிடக்கிறது. “போட்டுப் பாரேன்” என்றால், “அவ பாக்காதத நான் மட்டும் பாத்து, நாளைக்கு அவகிட்ட எப்புடித் தெரியாத மாதிரி இருக்குறது?” என்கிறாள். அந்த மாமியார் கதவைத் திறந்துகொண்டு மூன்று வாரமாக அப்படியே நிற்கிறாள். விட்டுப் போன பகுதி எல்லாம் அந்தச் சேவையில் அடுக்கி இருக்கிறது, முதலிலிருந்து பார்க்கலாம்.

நம் வழியில் நீ திரும்ப வருவதற்கான புதுத் திறவுகோலை அம்மா உனக்கு அனுப்புவாள். நான் அனுப்ப மாட்டேன், நான் அதைப் பார்த்ததும் இல்லை. போடுகிறாயா இல்லையா என்பது உன் இஷ்டம். கால் எப்படி இருக்கிறது, ஊன்றுகோலை விட்டாயா, படியில் தனியாக இறங்குகிறாயா என்று எனக்குக் கேட்க ஆசை. கேட்டுவிட்டேன். பதில் எப்போது வந்தாலும் சரி, திட்டாமல் கேட்டுக்கொள்வேன். அந்த இடத்தில் மட்டும் என் வாக்கு உடையலாம். உடைந்தால் போனை வைத்துவிடு, நானே திருப்பி எடுத்து மன்னிப்புக் கேட்கிறேன்.

நாளை புதன்கிழமை. கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வீட்டுக்கு வருவேன். பெட்டியைப் பார்க்க எனக்கு வழியில்லை, அம்மாவிடம் கேட்கவும் மாட்டேன். குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்பேன். டிவியைப் போட்டால் அம்மா ஒரு தடவை சிரிப்பாள். அது நாடகத்துக்கு. அரை நிமிடம் கழித்து அதே சிரிப்பை அவள் இரண்டாவது தடவை சிரித்தால், நீ வந்துவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன். அதுவரை காத்திருப்பேன். அரை நிமிடம் எனக்கு நீண்ட நேரம், தெரியும்தானே.

உன் அப்பா